காந்தப் பிரிப்பானுக்கு ஃபீட் கொடுப்பது எப்படி: காந்தத்தில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தாதுவில் காந்தத்தில் ஒட்டுவதையும் ஒட்டாததையும் பிரிக்கும் காந்தப் பிரிப்பான் ஒழுங்காகப் பிரிக்கவில்லை என்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது ஸ்பிளிட்டரில், அதாவது பிரிந்து விழும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் நிற்கும் தகட்டில். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே காந்தம் வைத்த சுழலும் உருளையான டிரம்மின் வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், கடைசியில் காந்தம் பலமிழந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நிரந்தரக் காந்தம் அப்படி ஒரு ஷிஃப்டுக்குள் பலமிழக்காது. அளவுக்கு மீறிய சூடோ பலத்த அடியோ படாத வரை வருடக்கணக்கில் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மணிக்கு மணி மாறுவது உள்ளே போகிற தாதுதான்: எவ்வளவு போகிறது, எவ்வளவு ஈரம், துகள் எவ்வளவு பெரியது, எவ்வளவு தடிமனாக விழுகிறது. அதனால் இந்தக் குறிப்பு முழுக்க ஃபீட், அதாவது உள்ளே போகும் தாது பற்றியது. தாதுவைக் கொட்டி வைக்கும் ஹாப்பரில் தொடங்கி டிரம் அல்லது ரோலை (பெல்ட் சுற்றி ஓடும் காந்த உருளை) தொடும் வரை உள்ள அந்தச் சில மீட்டர் தூரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் பார்ப்போம்.

எந்தத் தாதுவுக்கு எந்த மெஷின் என்பது தெளிவாக இருந்தால்தான் ஃபீட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். மேக்னடைட் மாதிரி பலமாக ஒட்டுகிற கனிமத்துக்குக் குறைந்த வலிமை டிரம்மே போதும். டிரம் மேற்பரப்பில் காந்தப் புலம் 0.1 முதல் 0.2 டெஸ்லா, அதாவது 1,000 முதல் 2,000 காஸ் வரை இருந்தால் வேலை நடந்துவிடும். இல்மனைட், கார்னெட், மோனசைட், ஹெமடைட் எல்லாம் லேசாகத்தான் அசைந்து கொடுக்கும். அவற்றுக்கு 1 டெஸ்லாவை ஒட்டியோ அதற்கு மேலோ வேண்டும், நியோடிமியம் என்ற பலமான நிரந்தரக் காந்தம் வைத்த ரோல் அல்லது மின்காந்த மெஷின் இல்லாமல் முடியாது. குவார்ட்ஸ், ரூட்டைல், சிர்கான் ஆகியவை காந்தம் பக்கமே திரும்பாது. வலிமை கூடக் கூட மெஷின் ஃபீட் விஷயத்தில் கறாராகிக்கொண்டே போகும். குறைந்த வலிமை டிரம்மில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். நியோடிமியம் ரோலில் அந்தச் சலுகை கிடையாது.

இரும்பை முதலில் எடுங்கள்

உடைந்த கிரஷர் பல், போல்ட், வெல்டிங் ராடு துண்டு, அரைவை மில்லில் தேய்ந்துபோன பந்து என்று எதுவும் தாதுவோடு வரும். கன்வேயருக்கு மேலே தொங்கும் காந்தம் இதற்குத்தான். அது மெட்டல் டிடெக்டருக்கு மாற்று அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாங்கனீசு எஃகுத் துண்டைத் தொங்கும் காந்தம் இழுக்காது, டிடெக்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

போல்ட்டைவிடப் பெரிய தொல்லை தாதுவுக்குள்ளேயே இருக்கும் மேக்னடைட். வலிமை கூடிய மெஷினுக்குள் மேக்னடைட் கலந்த ஃபீட் போனால் அது ரோலை விட்டு விலகவே விலகாது. பெல்ட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே ஒரு கம்பளி மாதிரி படரும், அதற்குள் நல்ல மணலும் மாட்டிக்கொள்ளும். தாதுவைத் தண்ணீரில் கலந்து ஓட்டும் ஈரமுறை உயர்வலிமை மெஷினில் இன்னும் மோசம், உள்ளே துகளைப் பிடிக்கும் மேட்ரிக்ஸ் (இடுக்குகள் நிறைந்த இரும்பு அடுக்கு) அடைத்துக்கொண்டு தண்ணீரே போகாது. ஆகவே வரிசை எப்போதும் ஒன்றுதான்: தொங்கும் காந்தம், பிறகு குறைந்த வலிமை டிரம், அதற்குப் பிறகுதான் உயர்வலிமை. "எங்கள் தாதுவில் மேக்னடைட் ரொம்பக் குறைவு" என்று சொல்லி நடுவில் உள்ள டிரம்மை விட்டுவிடுபவர்கள் உண்டு. அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 4 டன் ஓட்டும் ரோலில் அது மணிக்கு 20 கிலோ. அந்த 20 கிலோ எங்கே போய் ஒட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சலிப்பதில் சோம்பல் படாதீர்கள்

காந்தத்தின் இழுவை அதன் மேற்பரப்பை விட்டு விலக விலகப் படுவேகமாகக் குறையும். ரோலில் இது மில்லிமீட்டர் கணக்கில் நடக்கிறது. பெரிய துகளின் பெரும்பகுதி ரோலை விட்டுத் தள்ளியே இருப்பதால் அதன் எடைக்கு ஏற்ற இழுவை கிடைக்காது, சுழற்சி வேகத்தில் வெளியே பறந்து காந்தமற்ற பக்கத்தில் போய் விழும். மாவு மாதிரி இருக்கும் பொடியோ காந்தத் தன்மை துளியும் இல்லாவிட்டாலும் மின்னூட்டத்தால் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு காந்தப் பக்கத்துக்கு வந்துவிடும். ஆக அளவு கலந்த ஃபீடைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கெடும். ஸ்பிளிட்டரை எங்கே நகர்த்தினாலும் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும்.

மிகப் பெரிய துகளும் மிகச் சிறிய துகளும் மூன்று நான்கு மடங்கு வித்தியாசத்துக்குள் இருக்கும்படி சலித்துத் தனித்தனியாக ஓட்டுவது நல்லது. ஒரே மெஷின்தான் இருக்கிறது என்றால் முதலில் பெரியதை ஓட்டுங்கள், அப்புறம் செட்டிங்கை மாற்றிச் சிறியதை ஓட்டுங்கள். உலர் ரோலுக்குப் போகும் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசியைக் காற்றால் ஊதியோ கழுவியோ எடுத்துவிடுங்கள். கழுவினால் திரும்ப உலர்த்த வேண்டும் என்ற அலுப்பு இருக்கிறது, தெரியும். ஆனால் மணல் துகளின் மேல் களிமண் பூச்சு இருந்தால் ஊதுவது வீண், கழுவித்தான் ஆக வேண்டும்.

ஈரமும் சூடும்

உலர் முறைக்கு ஃபீட் உண்மையிலேயே உலர்ந்திருக்க வேண்டும். கையில் பிடித்து இறுக்கிப் பார்த்து "பொலபொலவென்று இருக்கிறது" என்று முடிவு செய்வது கரடுமுரடான தாதுவுக்குச் சரி; நுண்மணலுக்குப் போதாது. சரியாக 1 கிலோ எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பாருங்கள். 10 கிராம் குறைந்தால் ஈரம் 1%. நுண்மணலை ரோலில் ஓட்டுவதாக இருந்தால் இது 5 கிராமுக்குள் இருக்கப் பாருங்கள். அதற்கு மேல் போனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் பயணம் செய்யும், காந்தத் துகளின் முதுகில் குவார்ட்ஸ் ஏறிக்கொண்டு வரும்.

ஈரம் போக உலர்த்திவிட்டு அப்படியே சூடோடு ரோலில் கொட்டுவது அடுத்த ஆபத்து. சாதாரண ரக நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமையை இழக்கத் தொடங்கும், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பி வராது. முதல் பத்தியில் காந்தம் கெடாது என்றேனே, அதற்கு விதிவிலக்கு இதுதான். உயர்வெப்ப ரகங்களும் இருக்கின்றன, உங்கள் ரோல் எந்த ரகம் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டிரையர் வாயில் இருக்கும் வெப்பமானியை நம்பாமல், ஹாப்பரிலிருந்து ரோலுக்கு மணலை எடுத்துப்போகும் ஃபீடர் தட்டில் ஓடும் மணலின் சூட்டை அளந்து பாருங்கள். முழுக்க ஆறவிடவும் தேவையில்லை. இளஞ்சூடாக இருக்கும் மணல் நன்றாக ஓடும், காற்றின் ஈரத்தையும் திரும்பக் குடிக்காது.

ஹாப்பர்

பலரும் இதை வெறும் கொட்டி வைக்கும் பாத்திரமாக நினைக்கிறார்கள். உண்மையில் ஃபீடின் பாதித் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. கன்வேயர் ஹாப்பரின் நடுவில் கொட்டினால் குவியலாக விழும். பெரிய துகள்கள் சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும், பொடி நடுவிலேயே தங்கும். கீழே ஃபீடரில் இறங்கும்போது தட்டின் நடுவில் பொடியும் இரண்டு ஓரங்களில் குறுணையுமாக ஓடும். நீங்கள் மேலே அத்தனை கஷ்டப்பட்டுச் சலித்தது இங்கே பாதி வீணாகிவிடும். கொட்டும் இடத்தில் ஒரு தடுப்புத் தகடோ பல கிளைச் சரிவோ வைத்து ஹாப்பரின் அகலம் முழுக்கப் பரவி விழச் செய்யுங்கள்.

மட்டம் ஒரே அளவில் இருப்பதும் முக்கியம். நிறைந்த ஹாப்பருக்கும் கால்வாசி ஹாப்பருக்கும் அடியில் இருக்கும் அழுத்தம் வேறு, அதனால் ஃபீடர் செட்டிங்கைத் தொடாமலேயே ஓட்டம் மாறும். பாதிக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கக் காலியாக விடாதீர்கள். சுவரில் மணல் ஒட்டி நடுவில் மட்டும் குழாய் மாதிரி ஓட்டை விழுந்து இறங்கினால் சுவரின் சரிவு போதவில்லை அல்லது ஈரம் அதிகம் என்று அர்த்தம். அந்த நேரத்தில் சுத்தியலால் அடிப்பதுதான் எல்லா ஆலையிலும் நடக்கிறது. அடித்த இடமெல்லாம் பள்ளம் விழுந்து அடுத்த முறை இன்னும் நன்றாக ஒட்டும். உள்ளே வழவழப்பான லைனர் ஒட்டுவதோ சின்ன வைப்ரேட்டர் பொருத்துவதோ நிரந்தரத் தீர்வு. அப்படியே வைப்ரேட்டர் வைத்தாலும் அடிவாய் திறந்து மணல் ஓடும்போது மட்டும் அதை ஓட்டுங்கள். மூடியிருக்கும்போது ஓட்டினால் மணல் இன்னும் இறுகிப்போகும்.

ஃபீடர் தட்டும் ஒற்றை அடுக்கும்

உலர் ரோலுக்கும், காந்தத் துகளை மேலே குறுக்காக ஓடும் பெல்ட்டால் தூக்கி எடுக்கும் குறுக்கு பெல்ட் மெஷினுக்கும் தங்க விதி, துகள்கள் ஒற்றை அடுக்காகப் போக வேண்டும் என்பது. ரோலில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அடியில் இருக்கும் காந்தத் துகள் இழுபடும்போது மேலே இருப்பதும் சேர்ந்து வரும், மேலே இருக்கும் காந்தத் துகளோ தூரம் காரணமாகத் தப்பிவிடும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரோல் 1 மீட்டர் அகலம், பெல்ட் நொடிக்கு 1 மீட்டர் வேகம், துகள் 1 மி.மீ., அடர்த்தி 4.5 (தண்ணீரைப் போல 4.5 மடங்கு) என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டின் பரப்பில் பாதியைத்தான் துகள்கள் மூடியிருக்கின்றன, துகள் ஏறக்குறைய உருண்டை என்பதால் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பும். அப்போது நொடிக்கு 1.5 கிலோ, மணிக்கு 5.4 டன் வருகிறது. அதே மெஷினில் 0.2 மி.மீ. மணலைப் போட்டால் அதே கணக்கில் மணிக்கு 1.1 டன்தான். "போன வாரம் 5 டன் ஓடியதே" என்று நுண்மணலையும் அதே செட்டிங்கில் ஓட்டும்போது பெல்ட்டின் மேல் போக வேண்டியதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு மணல் போகிறது. பெல்ட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி இதில் சிலதை மீட்கலாம், ஆனால் வேகம் கூடினால் வெளியே வீசும் விசையும் கூடும், லேசாக ஒட்டும் துகள்கள் கைவிட்டுப் போகும். நடைமுறையில் கணக்கில் வந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி மேலே ஏற்றுவதே நல்லது.

அடுத்து அகலம் முழுக்க ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும், நம்பாதீர்கள். தட்டின் உதட்டுக்குக் கீழே பிடிப்பதற்கு அகலத்தை ஐந்தாகப் பிரித்த ஒரு நீளப் பெட்டி செய்துகொள்ளுங்கள், அலுமினியமோ பிளாஸ்டிக்கோ போதும். 10 நொடி பிடித்து ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக நிறுங்கள். 1 மீட்டர் அகலத்தில் மணிக்கு 4 டன் போனால் 10 நொடிக்கு மொத்தம் 11.1 கிலோ வரும், அறைக்கு 2.2 கிலோ விழ வேண்டும். உங்களுக்கு 1.4, 2.6, 3.1, 2.5, 1.5 என்று வந்தால் மொத்தம் சரியாகத்தான் இருக்கிறது, கண்ட்ரோல் ரூம் திரையிலும் 4 டன் என்றே காட்டும், ஆனால் ரோலின் நடுப்பகுதி மூச்சுத் திணறுகிறது, ஓரங்கள் சும்மா சுற்றுகின்றன. சராசரியிலிருந்து 10% மேலும் கீழும் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் தட்டு குறுக்குவாட்டில் மட்டமாக இருக்கிறதா, ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருக்கிறதா, ஹாப்பர் வாயின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றா என்று இந்த வரிசையில் பாருங்கள். ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைவு என்றால் பெரும்பாலும் மட்டம்தான் காரணம். நடுவில் குவிந்தால் ஹாப்பர் வாய்.

தட்டின் உதடு பெல்ட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் இருக்கட்டும், உரசாமல். உயரத்திலிருந்து விழும் துகள் துள்ளும், துள்ளிக்கொண்டே காந்தப் பகுதிக்குள் நுழையும். துள்ளும் துகளைக் காந்தம் பிடிப்பது பாதி அதிர்ஷ்டம். ரோலுக்குச் சற்று முன்னாலேயே பெல்ட்டின் மேல் விழுந்து, அடங்கி, பெல்ட்டின் வேகத்துக்கு வந்த பிறகு காந்தத்துக்குள் போவதுதான் சரி. தட்டின் முன்பகுதி காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புத் தகடு என்றால் ரோலின் புலம் அதையும் காந்தமாக்கும், உதட்டில் துகள்கள் தாடி மாதிரி தொங்கிக்கொண்டு நின்று திடீரென்று கொத்தாக விழும்.

ஈரமுறை டிரம்முக்குக் கலவை கொடுப்பது

இங்கே அடுக்கு என்ற பேச்சு இல்லை, திடப்பொருள் விகிதம்தான் எல்லாம். எடைக் கணக்கில் 25 முதல் 35% வரை திடப்பொருள் இருக்கும்படி வைப்பது வழக்கம். கெட்டியானால் காந்தத் துகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரம் வரை வந்து சேர முடியாது, வந்தாலும் கழிவைச் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். மிகவும் நீர்த்துப்போனால் தொட்டிக்குள் ஓட்டத்தின் வேகம் கூடி, பிடிக்கும் முன்பே நுண்துகள் வழிந்தோடிவிடும்.

அளப்பது சுலபம். ஒரு லிட்டர் குவளை, ஒரு தராசு போதும். தாதுவின் அடர்த்தி 4 என்றால் ஒரு லிட்டர் கலவை 1.23 கிலோ இருந்தால் 25%, 1.29 கிலோ இருந்தால் 30%, 1.36 கிலோ இருந்தால் 35%. உங்கள் தாதுவின் அடர்த்தி வேறு என்றால் எண்கள் மாறும், ஒருமுறை கணக்குப் போட்டு மெஷின் பக்கத்தில் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுங்கள். மணிக்கு 10 டன் தாதுவை 30%இல் ஓட்ட 23.3 கன மீட்டர் தண்ணீர் வேண்டும் என்பதையும் பாருங்கள். மில்லிலிருந்து வரும் தண்ணீரைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் சேர்க்க வேண்டும். தண்ணீரை ஃபீட் பெட்டியின் வாயில் ஊற்றினால் கலக்காமல் மேலாக ஓடிவிடும். முன்னாலேயே, கலக்கும் தொட்டியிலோ பம்ப் உறிஞ்சும் பக்கத்திலோ சேருங்கள்.

ஃபீட் பெட்டியில் குழாய் நேராக டிரம்மைப் பார்த்துப் பீய்ச்சக் கூடாது. ஒரு தடுப்பில் மோதி, வேகம் அடங்கி, அகலம் முழுக்க ஒரே உயரத்தில் வழிந்து போக வேண்டும். பெட்டியின் மூலைகளில் மணல் படிந்து இறுகினால் வழிவது ஒரு பக்கமாகச் சாயும், ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது கட்டையை விட்டுக் கிளறிப் பாருங்கள். ஃபீட் போகும் திசையிலேயே டிரம் சுற்றும் தொட்டி பெரிய துகளைத் தாங்கும், 6 மி.மீ. வரை கொடுக்கலாம். எதிர்த் திசையில் சுற்றும் தொட்டி கழிவில் காந்தத் துகள் போய்விடாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பெரிய துகள் அதற்கு ஒத்துவராது. வேர், மரச் சில்லு, ரப்பர் துண்டு எல்லாம் டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும் என்பதால் பெட்டிக்கு முன்னால் ஒரு குப்பைச் சல்லடை கட்டாயம். ஈரமுறை உயர்வலிமை மெஷினுக்கு இது இன்னும் கட்டாயம். அதற்குள் பொதுவாக 1 மி.மீ.க்கு மேல் எதையும் அனுப்பாதீர்கள்.

மேக்னடைட்டில் இன்னொரு வம்பு: ஒருமுறை காந்தப் புலத்துக்குள் போய்வந்த நுண்துகள்கள் தாங்களே குட்டிக் காந்தங்களாகி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், நடுவில் சிலிக்காவையும் சிறைபிடித்துக்கொள்ளும். அதை அப்படியே அடுத்த டிரம்முக்கு அனுப்பினால் எத்தனை முறை ஓட்டினாலும் சிலிக்கா குறையாது. நடுவில் காந்தநீக்கக் காயில் ஒன்றை வைத்துக் கலைத்துவிட்டு அனுப்புங்கள், குறிப்பாக மறுஅரைவைக்கோ நுண்சல்லடைக்கோ போகும் வழியில்.

சந்தேகம் வந்தால்

எல்லாம் செய்த பிறகும் பிரிப்பு மோசமாக இருக்கிறது என்றால் ஒரு சோதனை. வேறு எதையும் தொடாமல் ஃபீடைப் பாதியாக்குங்கள், ஓட்டம் நிலைபெறப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் மாதிரி எடுங்கள். நன்றாகத் தேறிவிட்டால் பிரச்சினை ஃபீடில்தான், அளவு அல்லது பரவல். கொஞ்சமும் மாறவில்லை என்றால் துகள் உடைபடாமல் இரண்டு கனிமமும் ஒரே துகளில் ஒட்டியிருக்கலாம், அல்லது ஈரம், தூசி, காந்த வலிமை. அப்போது காஸ் மீட்டரை எடுங்கள். மாதிரி எடுக்கும்போது ஓட்டத்தின் ஒரு மூலையில் கையை நீட்டி அள்ளாமல், முழு ஓட்டத்தையும் குறுக்காக ஒரே வேகத்தில் வெட்டி எடுங்கள். மூலையில் அள்ளியது அந்த மூலையைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

தொடங்குவது, நிறுத்துவது

முதலில் வெளியே எடுத்துப்போகும் கன்வேயர்கள், பிறகு டிரம் அல்லது ரோல், மின்காந்தம் என்றால் அதன் மின்சாரம், ஈரமுறை என்றால் தண்ணீர், எல்லாம் நிலையான பிறகு கடைசியாக ஃபீடர். நிறுத்தும்போது ஃபீடர்தான் முதலில், மெஷின் காலியாகும் வரை ஓடவிட்டு மற்றதை அணையுங்கள். நின்றுகொண்டிருக்கும் டிரம்மில் மேக்னடைட் கலவை விழுந்தால் அது தொட்டிக்குள் கட்டையாக இறுகிவிடும், கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மின்சாரம் திடீரென்று போனால் இதே கதைதான், அதனால் டிரம் நின்றால் ஃபீடரும் தானாக நிற்கும்படி இன்டர்லாக் கொடுத்துவிடுங்கள்.

ரோலைச் சுத்தம் செய்ய மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, பித்தளை அல்லது மரக் கருவியோடு போங்கள். இரும்பு ஸ்பேனர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ரோலில் அடிக்கும், நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. உலர் முறையில் சிலிக்கா தூசி பறக்கும் என்பதால் முகமூடி வேண்டும். பெல்ட்டுக்கும் ரோலுக்கும் நடுவில் நுழைந்துவிட்ட மேக்னடைட் பொடியை அகலமான ஒட்டு டேப்பால் ஒற்றி எடுக்கலாம். அதை விட்டுவைத்தால் அந்த இடத்தில் பெல்ட் மேடாகி ஒரு கோடு போலத் தேயும், தேய்ந்த இடத்தில் துகள்கள் துள்ளும். ஃபீடரைத் திருப்பி ஓட்டுவதற்கு முன் பெல்ட்டை வெறுமனே சில சுற்று ஓடவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்து அந்தக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.